காவிரி வழியே ஒரு கோடை நடை

திருச்சிராப்பள்ளி மலையின் மேற்குடைவரையிற் கங்காதரமூர்த்தியின் திருவுருவம் ஒன்று உளது. வானினின்று இழியும் கங்கையை எம்பெருமான் தன் சடையொன்றால் ஏற்றருளும் நிலை அது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்குடைவரையை அகழ்வித்த மகேந்திரவர்மன், அத்திருவுருவின் இருமருங்குமுள்ள தூண்களில் வடமொழிப் பாட்டுக்கள் சில பொறித்துள்ளான். அவற்றுள் ஒன்றன் கருத்துச் சைவர் அறிந்து மகிழ்தற்குரியது. ஆறுகளின்பால் விருப்புடையவனாகிய இறைவன், சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டால் அவளையும் விரும்பிவிடுவானோ என்று மலைமகள் ஐயுற்றனளாம். அதனால் தந்தை மனையாகிய இமயத்தை விட்டு இம்மலையிலேயே வந்து தங்கி, இவ்யாறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றனளாம். அரசன் தன் நாட்டைப் புகழ்ந்துகொண்ட நயம் ஒருபுறமிருக்க, காவிரியைக் கங்கையோடு ஒப்பவைத்து எண்ணும் எண்ணம் இந்நாட்டார்க்கு எத்துணைப் பழமையானது என்பது அதனால் விளங்கும்.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்குடைவரை வாயிலில் நின்று கீழே நோக்கியவர்க்கு ஐயுறுதற்கு இடமான காவிரி தென்பட்டிலள். கால் மைலுக்கு மேற்பட்ட அகலமுள்ள ஆறு முழுதும் வெண்மணலாய்க் கிடந்தது. தென்கரையோரமாக வாய்க்கால் அளவில் நீர் சிறிது ஊர்ந்துகொண்டிருந்தது. அவ்வாறு நின்று நோக்கியவர் இருவர். ஒருவர் உயர்நிலைப் பள்ளியொன்றில் முப்பதாண்டு தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர்; ஞாயிறுதோறும் அன்பர் சிலர்க்குச் சிவஞானசித்தியார் பாடஞ்சொல்லி வருபவர். மற்றவர் அவருடைய தமக்கையின் மகன். சென்னையிற் பொறியியல் பயிலும் இளைஞன். கோடை விடுமுறைக்குத் திருவானைக்காவில் தாயிடம் வந்திருந்தவன். மறுநாள் விடியற்காலையில் இருவரும் அவ்யாற்று மணலில் இறங்கிக் கடல் காணும் வரை நடப்பதென்று துணிந்திருந்தனர்.

அத்துணிவிற்குக் காரணம் முந்தின ஆண்டு நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டுக் கோடை காவிரி நாட்டார் எளிதில் மறக்கத்தக்கதன்று. மழையும் பொய்த்து, அணையும் வறண்ட காலம் அது. அக்கோடையில் இளைஞனுடைய தந்தையார் சிவபதம் எய்தினார். மறுநாட் சாம்பலை அம்மா மண்டபத் துறைக்குக் கொண்டுசென்றபொழுது ஆற்றில் ஓடுநீர் இல்லை. மணலில் முழங்கால் ஆழத்திற்கு ஊற்றுக்குழி ஒன்று தோண்டினர். ஊறிய நீரிற் சாம்பலைக் கரைத்தனர். மணலை மேலே தள்ளி மூடினர். பத்துப் பேர் வரிசையில் நின்றமையாற் சடங்கு விரைவாக முடிந்தது. இளைஞன் யாதொன்றும் சொல்லவில்லை. ஒரு திங்கள் கழிந்தபின் ஓர் இரவு உணவின்போது, “மாமா, அப்பா கடலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா?” என்று வினவினான்.

ஆசிரியர் தாம் கற்றவாறே விடை கூறினார். உயிர் பருவுடலை விட்டு நீங்குங்கால் நுண்ணுடலோடு தன் வினைக்கு ஈடாகச் செல்லும், எரிந்தொழிந்த பருவுடலின் சாம்பல் ஆற்றிற் கிடப்பினும் கடலிற் கிடப்பினும் உயிர்க்கு அதனால் ஆவதொன்றில்லை, செலுத்துவோன் இறைவன். சாத்திரம் அறிந்தார் யாரும் இதனிற் பிழை காணமாட்டார். இளைஞனும் மறுத்திலன், தலையசைத்துக் கேட்டான். ஆயினும் அதன்பின் அவன் ஆற்றுப் பக்கம் செல்வதை நிறுத்திவிட்டான். விடுமுறைக்கு வருந்தோறும் காவிரிப் பாலத்தைக் கடக்கும்பொழுது பேருந்தின் மறுபக்கமே நோக்கியிருப்பான் என்று அவன் தாய் சொல்லி வருந்தினாள். வினாவிய வினா ஒன்று, விடுத்த விடை மற்றொன்று என்பதை அப்பொழுதே ஆசிரியர் உணர்ந்தார். மறு கோடையில், “தம்பி, அந்த வழி எவ்வளவு தூரம் என்று நாம் இருவரும் நடந்தே பார்த்துவிட்டு வருவோம்” என்றார்.

திருச்சிராப்பள்ளிக்கும் காவிரிப்பூம்பட்டினத்திற்கும் இடையே ஏறத்தாழ 100 மைல். மேலே, கன்னட நாட்டு எல்லையிலும் ஒகேனக்கல்லிலும் காவிரி மலையைப் பிளந்துகொண்டு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் வீழ்ந்து வருவாள். ஆடு தாண்டும் அளவிற்குக் குறுகியது என்னும் பொருளில் ஓரிடத்திற்கு மேகதாட்டு என்றே பெயர். சமநிலம் புகுந்தபின் அவள் இயல்பு வேறாகின்றது. கரைகளுக்கிடையே உயர்ந்த தளத்தில், வயல்கள் பக்கத்தே தாழ்ந்து கிடக்க, பரந்து நடக்கின்றாள். வண்டல் படியப் படியத் தளம் உயர்தலின் நீர் தாழ்ந்த பக்கத்தையே நாடும். முக்கொம்பிற் பிரியும் கொள்ளிடம் இவளினும் தாழ்ந்தும் சரிந்தும் செல்வது. ஆதலின் காலஞ்செல்லச் செல்ல நீர் முழுதும் கொள்ளிடத்திற்கே போய்க் காவிரி தூர்ந்துபோகும் நிலை வந்துற்றது. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் முக்கொம்பிற் கொள்ளிடத் தலைப்பில் மேலணை எடுத்தது அது கருதியே. அஃது இல்லையாயின் தஞ்சை வயல்கள் என்னாயிருக்கும் என்பதை மருகன் அணைக்கட்டுக் கணக்கோடு எடுத்துரைப்பான். மாமன் கேட்டு மகிழ்வார்.

முதல்நாள் ஆனைக்காவிற் சம்புகேசுரரை வணங்கிப் புறப்பட்டனர். ஐம்பூதத் தலங்களுள் அப்புத்தலமாகிய அங்கே கருவறையில் நீர் ஊறுதல் யாவரும் அறிந்தது. “மேலே ஆறு வறண்டாலும் அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தம்பி” என்றார் ஆசிரியர். இளைஞன் நெடுநேரம் நடந்தபின், “ஓடுகிறது மாமா, ஆனால் மணலுக்குள் நீர் மிக மெல்லத்தான் நகரும். நாளொன்றுக்கு ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மைலைக் கடக்க 1,446 ஆண்டுகள் ஆகும்” என்றான். ஆசிரியர் நின்றுவிட்டார். தமக்குள் கணக்கிட்டுப் பார்த்து, “அப்படியானால் அப்பர் சுவாமிகள் பிறந்த நாளை ஒட்டி இங்கே புறப்பட்ட நீர் இப்பொழுதுதான் கடலை எட்டிப் பார்க்கும்” என்றார். இளைஞன் சிரித்தான். புறப்பட்டபின் அவன் சிரித்தது அதுவே முதல்முறை.

கத்திரி வெயிலில் ஆற்றுமணலில் நடத்தல் எளிதன்று. காலை எட்டு மணிக்குள் மணல் காலைச் சுடத் தொடங்கும். ஆதலின் விடியலுக்கு மூன்று நாழிகை முன்னரே எழுந்து நடப்பதும், வெயிலேறியவுடன் கரையேறி யாதேனும் ஒரு திருக்கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ தங்குவதும், மாலையில் மீண்டும் இறங்குவதுமாக வகுத்துக்கொண்டனர். மணல் அள்ளிய பள்ளங்கள் சில இடங்களில் இரண்டாள் ஆழம் இருந்தன. இருளில் அவற்றுள் வீழாதபடி இளைஞன் கோல் ஒன்றால் முன்னே தட்டிக்கொண்டு சென்றான். பள்ளங்களின் செங்குத்தான பக்கங்களில் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு வெள்ளத்தின் கையெழுத்து என்று அவன் கூறினான். ஊழிகள் பல கூடிச் சேர்த்து வைத்ததை ஒரு தலைமுறை அள்ளிச் செல்கின்றது. இதனைக் குறித்து எழுதப்புகின் வேறு கட்டுரையாகிவிடும்.

கல்லணை திருச்சிராப்பள்ளியினின்று ஏறத்தாழ 9 மைல். கரிகாற்சோழன் பெயரோடு நிலைத்த அவ்வணையின் நீளம் 1,080 அடி. ஆங்கே காவிரி தன்னிற் பெரும்பகுதியைப் பிரித்துக்கொடுக்கின்றாள். வெண்ணாறு ஒன்று, 1934-இல் மேட்டூரணை முடிவுற்ற காலத்திலேயே வெட்டப்பட்ட புதுஆறு ஒன்று, வெள்ளம் மிகின் வடபாற் கொள்ளிடத்திற்கும் ஒரு பங்கு. அதன்பின் குடமுருட்டி, மண்ணியாறு, அரசலாறு, வீரசோழன் எனக் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிவன. உலகத்து ஆறுகள் பலவும் கடலை நெருங்க நெருங்கப் பெருகுவன, காவிரி சிறுகுவாள். திருச்சிராப்பள்ளியிற் கடல்போற் கிடப்பவள், மயிலாடுதுறையில் ஊர்நடுவே ஒடுங்கிச் செல்கின்றாள். கடலைச் சாரும்பொழுது கரைக்குக் கரை குரலெடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

இக்கரைகளின் பெருமையைச் சைவ அன்பர்க்கு எடுத்துரைத்தல் மிகையாம். தேவாரம் பெற்ற தலங்கள் வடகரையில் 63, தென்கரையில் 127. மூவர் பெருமக்களும் பெரும்பாலும் காலால் நடந்து கண்ட தலங்கள் அவை. நடைப்பயணத்தின் அருமை வண்டியிற் செல்வார்க்குத் தெரியாது. ஒரு தலத்திலிருந்து அடுத்த தலத்தின் கோபுரம் தோன்றும் தொலைவும், இடையிற் பசி தோன்றும் இடமும், நிழல் முடியும் இடமும் நடந்தார்க்கே புலனாம். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துவந்த அப்பர் பெருமானுக்கு இறைவன் வழியிலே பொதிசோறு வைத்துக் காத்திருந்தான் என்பதைப் படிப்பார்க்கு அஃதொரு திருவருட் செய்தி; அவ்வெயிலில் நடந்தார்க்கு அது தொண்டையில் இறங்கும் சோறு.

மூன்றாம் நாள் திருக்கண்டியூர்ப் பக்கத்தினின்று ஐயாற்றுக்குச் சென்றனர். சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரமூர்த்தி நாயனார், காவிரி கரைபுரண்டு ஓடக்கண்டு, எதிர்க்கரையிற் கோயில் தோன்றியும் செல்லமாட்டாது பாடியருள, நீர் விலகி வழிவிட்ட இடம் அது. மணலில் நடந்து கடந்தபடி ஆசிரியர், “நாயனாருக்காக நீர் விலகி நின்றது, நமக்கு விலகுவதற்கே நீரில்லை” என்றார். நகையாகத் தொடங்கிய சொல் இடையிலேயே அவருக்குத் தழுதழுத்தது. அவருடைய அத்தானும் அவருமாக இளமையில் ஆடிப்பெருக்கிற்கு இவ்யாற்றில் நீந்தியவர்கள். இளைஞன் அவர் கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டான்.

ஐயாறப்பர் திருமுன் அன்று இரவு ஆசிரியர் அப்பர் கயிலை நடந்த வரலாற்றை அவனுக்குச் சொன்னார். கால் தேய்ந்தபின் கையால் ஊன்றியும், கை தேய்ந்தபின் மார்பால் உந்தியும், மார்பும் தேய்ந்தபின் புரண்டும் சென்ற பெருமானைக் கயிலைக்கு வரவேண்டா என்று தடுத்து, அங்குள்ள பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றுக் குளத்தில் எழுப்பிக் கயிலைக் காட்சியை இங்கேயே காட்டியருளினான் இறைவன். இளைஞன் கேட்ட வினா எதிர்பாராதது. “இங்கேயே காட்டுவதாயிருந்தால் அவ்வளவு தூரம் ஏன் நடக்கவிட்டார், மாமா?” ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. முப்பதாண்டு பாடஞ்சொன்னவர்க்கு விடைகள் இல்லாமலில்லை. ஒரு முறை விடை கூறிப் பயன் கண்டவரல்லர் ஆதலின் வாளாவிருந்தார்.

கும்பகோணத்திற்கு மேற்கே திருவலஞ்சுழியும் கொட்டையூரும் உள்ளன. வலஞ்சுழியிற் காவிரி பிலம் ஒன்றில் வீழ்ந்து மறைந்துபோயினள் என்பது தலவரலாறு. தகுதியுடைய ஒருவர் அப்பிலத்துட் புகுந்தாலன்றி ஆறு மீளாது எனக் கேட்ட சோழன், கொட்டையூரில் ஆமணக்கஞ்செடியின் கீழ்த் தவமிருந்த ஏரண்ட முனிவரிடம் முறையிட, அவர் தாமே பிலத்தில் இறங்கினார். காவிரி வலமாகச் சுழித்து மேலே வந்தாள். ஏரண்டம் என்பது வடமொழியில் ஆமணக்கு. கொட்டை என்பதும் அச்செடியையே. வலஞ்சுழிக் கோயிலில் அம்முனிவர் திருவுருவத்தின் முன் இளைஞன் நெடுநேரம் நின்றான். ஆறு நிலத்துள் மறைந்துபோவது புதிதன்று, முன்னும் மறைந்திருக்கிறது என்ற எண்ணம் அவனுக்கு ஏதோ செய்ததுபோலும். “மேலே வந்தது, இல்லையா?” என்று மட்டும் கேட்டான்.

அதற்கு அணித்தே பட்டீச்சுரம். முதுவேனில் வெப்பத்தில் அடியார் கூட்டத்தோடு நடந்துவந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார்க்கு இறைவன் முத்துப்பந்தர் அருளிய தலம் அது. பிள்ளையாரை விரைந்து காணவேண்டி நந்தியை விலகச் செய்தான் என்பதும் அங்கேயே. வெயிலில் ஆசிரியர்க்குத் தலைசுற்றல் கண்டமையால் ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே தங்கநேர்ந்தது. இளைஞன் இளநீர் வாங்கிவந்து கொடுத்து, விசிறிக்கொண்டிருந்தான். “இவ்வளவு போதும் மாமா, பேருந்தில் திரும்பிவிடலாம்” என்று அவன் கூறியதற்கு ஆசிரியர் இசைந்திலர். அன்றிரவு விசிறிக்கொண்டே அவன் உறங்கிவிட்டான். தலைக்கு வைத்திருந்த அவன் பையைச் சரிசெய்தபொழுது உள்ளே துணியில் முடிந்த சிறு முடிச்சொன்று ஆசிரியர் கையிற் பட்டது. அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மணல் என்பது தொட்டவுடன் தெரிந்தது. எவ்விடத்து மணல் என்பதும் தெரிந்தது. அதனைக் குறித்து அவர் ஒன்றும் கேட்கவில்லை.

திருவாவடுதுறையில் திருமூலதேவரை வணங்கினர். ஆயன் மூலன் உயிர்நீத்துக் கிடக்க, அவனைச் சுற்றிக் கதறிய பசுக்களின் துயர் பொறாமல் சிவயோகியார் அவனுடலிற் புகுந்த வரலாறு அன்பர் அறிந்ததே. உடலை மிக எளிதாக உதறவல்ல ஒருவர், பசுக்கள் ஓருடலின் பொருட்டு அழுததைப் புறக்கணிக்கவில்லை.

மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஆற்றுநடுவே நந்தி மண்டபம் மணலிற் காலூன்றி நின்றது. ஐப்பசி முழுதும் அங்கே நீராடுதல் சிறப்பு. முடவன் ஒருவன் அதற்கென்று ஊர்ந்து வந்தும் ஐப்பசி முடிந்தபின்னரே சேர்ந்தானாக, அவன் பொருட்டுக் கார்த்திகை முதல்நாளையும் இறைவன் அப்பயனுக்கு உரியதாக்கினான். இன்றும் அந்நாள் முடவன் முழுக்கு என வழங்குகின்றது. இதனை ஆசிரியர் சொல்லவில்லை. படித்துறையில் பூ விற்ற முதியவள் இளைஞனுக்குச் சொன்னாள். “நேரம் கடந்துபோனவனுக்கும் ஒரு நாள் உண்டு, தம்பி” என்று அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போயினாள்.

பதினோராம் நாள் காலை மேலையூர்க் கடையணையைக் கடந்து காவிரிப்பூம்பட்டினம் சேர்ந்தனர். கழிமுகத்தில் மணல் மேடிட்டு அடைந்திருந்தது. மேட்டிற்கு அப்பாற் கடல். இப்பாற் காய்ந்த ஆறு. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் பேரலை புகுந்த கரை அது. பழைய பட்டினம் கடலுட் சென்றது என்பதும் இவ்விடத்தையே.

அம்மேட்டில் அமர்ந்து ஆசிரியர் பட்டினத்தடிகளை நினைவூட்டினார். அடிகள் இவ்வூரில் வணிகர் குலத்திற் பிறந்தவர். பெருஞ்செல்வத்தை ஒரு நொடியில் துறந்தவர். துறவோர்க்குச் சுற்றமில்லை, உடல் பொய் என்பதை அவரினும் உறுதியாகக் கூறியவர் யார்? அவரே தாய் இறந்தபொழுது எங்கிருந்தோ வந்து, பச்சை வாழைமட்டைகளை அடுக்கித் தம் கையால் தீமூட்டினார். “தம்பி, சென்ற ஆண்டு நீ கேட்டதற்கு நான் சாத்திரத்திலிருந்து விடை சொன்னேன். அடிகளுக்கும் அந்தச் சாத்திரம் தெரியும். தெரிந்தும் வந்தார்” என்றார்.

இளைஞன் பையிலிருந்து முடிச்சை எடுத்தான். “அந்த இடத்து மணல், மாமா. மறுநாளே போய் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது.” கடலிற் போடப்போகின்றான் என்று ஆசிரியர் எண்ணி எழுந்தார். அவன் எழுந்து அலைப்பக்கம் சில அடி சென்றான், நின்றான், திரும்பி வந்தான். மேட்டிற்கு இப்பால் ஆறு கடைசியாகத் தாழ்ந்து கிடந்த இடத்தில் மண்டியிட்டு, கையாற் சிறு குழி பறித்து, முடிச்சை அவிழ்த்து அம்மணலை அதிற் பரப்பி மூடினான். “நான் கொண்டுபோய்ப் போடுவது வேண்டா. இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டேன். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளட்டும்” என்றான். பின்னர் இருவரும் மேட்டைக் கடந்து கடலில் மூழ்கினர். பல்லவனீச்சரத்தில் வழிபட்டு அன்று மாலையே பேருந்தேறினர்.

அவ்வாண்டு வழக்கப்படி சூன் 12-ஆம் நாள் மேட்டூரணை திறக்கப்படவில்லை. பின்னர் மேல்நாட்டில் மழை பெருகிச் சூலை 19-ஆம் நாள் திறந்தனர்; 23-ஆம் நாள் அணை தன் முழு அளவாகிய 120 அடியை எட்டியது. இளைஞன் அப்பொழுது சென்னையில் இருந்தான். நாள்தோறும் இரவில் மாமனுக்குத் தொலைபேசியில் ஒரே வினா: “தண்ணீர் எங்கே வந்திருக்கிறது, மாமா?” முக்கொம்பு என்றார் ஒருநாள். அம்மா மண்டபத்துப் படிகள் நனைந்துவிட்டன என்றார் மற்றொருநாள். அன்று அவன் தாயும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின் கல்லணை. பின் ஐயாறு. “இனி நீயே கணக்குப் போட்டுக்கொள், தம்பி. வழி உனக்குத் தெரியுமே” என்றார்.